‘செட்’டோடு மல்லுக்கட்டும் தம்பிக்கு



நீ அனுப்பிய நாவல் மொழிபெயர்ப்பின் முதல் நான்கு அத்தியாயங்களை, மூலத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். கஷ்டமான இடங்களை நன்றாகவே தாண்டியிருக்கிறாய். கப்பலின் பாகங்கள், பழைய இங்கிலாந்து நாணயங்கள், அந்தப் பாதிரியாரின் முடிவில்லாத பிரசங்கம் எல்லாவற்றையும் தேடிப்பிடித்துச் செய்திருக்கிறாய். அங்கெல்லாம் என் பென்சிலுக்கு வேலையே இல்லை.

நீ இடறியிருப்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்களில்தான். முக்கியமாக ‘செட்’ என்கிற வினைச்சொல். அது வந்த இடத்திலெல்லாம் ‘அமை’ என்று போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறாய். மேசை அமைக்கப்பட்டிருந்தது. கதை லிவர்பூலில் அமைக்கப்பட்டுள்ளது. அவருடைய தாடை அமைந்திருந்தது. அவள் மற்றவர்களுக்கு ஓர் உதாரணத்தை அமைத்தாள். தாடை அமைந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இது உன் ஒருவன் பழக்கம் இல்லை. இன்றைக்கு வருகிற மொழிபெயர்ப்பு நூல்களில் பாதி இப்படித்தான் ‘அமைந்து’ கிடக்கின்றன. கணினி மொழிபெயர்ப்பும் இதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் நல்ல அகராதியாக ஒன்று சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்த ஒரு சொல்லிடம் அகராதிக்காரர்களே பட்ட பாட்டைக் கேட்டுக்கொள்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, முன்னுரையில் ஒரு புலம்பல் வைத்தார். தன்னை அதிகம் வதைத்தவை அரிய சொற்கள் அல்ல, எல்லார் வாயிலும் புழங்குகிற சின்ன வினைச்சொற்கள்தான் என்று சொல்லி ஒரு பட்டியலே கொடுத்தார். கெட், கிவ், புட், கோ, ரன், டேக், டர்ன் வரிசையில் ‘செட்’டும் உண்டு. இந்தச் சின்ன வினைகளோடு ஆஃப், அவுட், இன் போன்ற ஒட்டுகள் சேர்ந்ததும் பொருள் எங்கோ போய்விடுகிறது, வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் திணறுவது இங்கேதான் என்றும் எழுதினார். அந்தக் குறிப்பு உன்னையும் என்னையும் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வந்தது. அதில் எஸ் எழுத்தின் முன்பகுதியைக் கவனித்தவர் ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டில் கத்தி, கரண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தாவாக இருபது வருஷம் இருந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, பாஷைகளைத் தானாகவே கற்றவர். அகராதியின் முதல் பகுதி 1884இல் வெளிவந்ததும் அதற்கு எழுதிய மதிப்புரையாலேயே ஆசிரியர் குழுவுக்குள் இழுக்கப்பட்டார். ‘செட்’ மாட்டியது அவர் கையில். 1989இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பிலும் மிக நீளமான பதிவு அதுதான். 430க்கும் மேற்பட்ட பொருள்கள், அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள். நம் ஊர் கணக்கில் ஒரு நடுத்தர நாவல். பின்னால் திருத்திய பதிப்புக்கான வேலை நடக்கும்போது ‘மேக்’ முந்தியது, அப்புறம் ‘புட்’. 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. பீட்டர் கில்லிவர் என்கிற ஆசிரியர் ஒன்பது மாதம் அந்த ஒரு வினையோடேயே உட்கார்ந்து 645 பொருள்களாகப் பிரித்தார்.

இத்தனை எண்ணையும் சொன்னது உன்னை மலைக்க வைக்க இல்லை. 430 பொருள் என்று அகராதி பிரிக்கிறதே தவிர, ஆங்கிலம் பேசுகிறவர் தலைக்குள் 430 அறைகள் கிடையாது. அவர் ஒரு பொருளைத்தான் வைத்திருக்கிறார், அதுவும் மங்கலாக. மற்றதெல்லாம் பக்கத்தில் உட்காரும் பெயர்ச்சொல் கொண்டுவருவது. இதை மட்டும் நீ பிடித்துக்கொண்டால் மிச்சக் கடிதத்தைப் படிக்காமல்கூட விடலாம். ஆனால் படி, உன் அத்தியாயங்களிலிருந்தே காட்டுகிறேன்.

அந்த மங்கலான ஒரு பொருள் என்ன? ‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ என்றால் உட்கார வை. பழைய ஜெர்மானிய மொழிகளில் தன்வினையிலிருந்து பிறவினையை உண்டாக்க ஒரு வழி இருந்தது. அதன் மிச்சசொச்சம் ஆங்கிலத்தில் சில ஜோடிகளாக இன்னும் நிற்கிறது. லை, லே. ஃபால், ஃபெல். டிரிங்க், டிரெஞ்ச். சிட், செட். ஆங்கிலேயருக்கே இந்த ஜோடிகளின் உறவு மறந்து போயிற்று, பள்ளிக்கூடத்தில் லை எங்கே லே எங்கே என்று அடி வாங்கியிருக்கிறார்கள். நமக்கோ இது தினசரிப் புழக்கம். படு, படுத்து. வீழ், வீழ்த்து. இரு, இருத்து. அமர், அமர்த்து. இலக்கணப்படி பார்த்தால் ‘செட்’டுக்கு நேர் உடன்பிறப்பு ‘அமர்த்து’. அதை எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கக் கிளம்பினால் என்ன ஆகும் தெரியுமா? ஆங்கிலத்தில் ஒன்றுக்கு நெருப்பை ‘செட்’ பண்ணினால் அது பற்றி எரியும். நம் வீடுகளில் அடுப்பை அமர்த்து, விளக்கை அமர்த்து என்றால் அணை என்று அர்த்தம். அடிப்பொருள் ஒன்றாக இருந்தும் வேலை நேர் எதிர்.

வேரைத் தெரிந்துகொள்வது படிப்பதற்கு உதவும், எழுதுவதற்கு உதவாது. இருந்தாலும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள், சுவாரஸ்யமான குடும்பம் அது. செட்டில், சாடில், சீட் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். பறவைக்கூடு என்கிற ‘நெஸ்ட்’கூட ‘கீழே உட்காருமிடம்’ என்ற பழைய கூட்டுச்சொல்லிலிருந்து வந்ததுதான். லத்தீன் வழியாக செஷன், செடிமென்ட், பிரசிடென்ட். சமஸ்கிருதத்தில் அதே வேர் ‘சத்’ என்று வரும். அதிலிருந்து சதஸ், பரிஷத், உபநிஷத். குருவுக்குப் பக்கத்தில் உட்கார்வதும், ஜாடியின் அடியில் வண்டல் படிவதும், நாட்டுக்குத் தலைவராக இருப்பதும் ஒரே வேரில் முளைத்தவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு செட் பாத்திரம்’ என்கிறோமே, அந்தப் பெயர்ச்சொல் பிறப்பால் இந்தக் குடும்பம் இல்லை. அது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றுகிற கூட்டம் என்று பொருள்படும் ‘செக்ட்’டும் அதுவும் ஒரு தாய் மக்கள். உருவம் ஒன்றாக இருந்ததால் வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு, இப்போது பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது. கணக்குப் பாடத்தில் வருகிற செட்டுக்கு நம் பாடநூலில் ‘கணம்’ என்று பெயர், இலங்கைப் பாடநூலில் ‘தொடை’. யாழ்ப்பாணத்துக்காரர் எழுதிய கணித நூலை நம் பையன்கள் திறந்தால் முதல் பக்கத்திலேயே விழிப்பார்கள்.

சரி, உன் அத்தியாயங்களுக்கு வருகிறேன்.

முதலில் மேசை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வேலைக்காரப் பெண் மேசையை ‘செட்’ பண்ணுகிறாள். இங்கே ‘செட்’டுக்குத் தமிழ் தேடாதே. அவள் கை என்ன செய்கிறது என்று பார். தட்டு, கத்தி, கரண்டி, தம்ளர் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறாள். ‘சாப்பாட்டு மேசையில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று’ என்றால் வேலை முடிந்தது. இதே காரியத்துக்கு நம் வீட்டில் ‘இலை போட்டாச்சு’ என்போம். அது அழகான வழக்கு என்பதற்காக லிவர்பூல் வீட்டில் இலை போட்டுவிடாதே. அந்த அளவுக்குத் தமிழாக்கம் வேண்டாம்.

கதை லிவர்பூலில் நடக்கிறது. அவ்வளவுதான். பின்னட்டைக் குறிப்புகளில் ‘மதுரையில் அமைக்கப்பட்ட நாவல்’, ‘1920களில் அமைக்கப்பட்ட கதை’ என்று பார்க்கும்போதெல்லாம் கதையைச் செங்கல் வைத்துக் கட்டினார்களா என்று கேட்கத் தோன்றும்.

உதாரணத்தை அமைத்த இடம் இன்னும் மோசம். ‘முன்மாதிரியாக இருந்தாள்’ என்று எழுதியிருந்தால் தப்பில்லாமல் போயிருக்கும். ஆனால் அதே அத்தியாயத்தில் இரண்டு பக்கம் தள்ளி, அம்மாக்காரி மூத்த மகனைப் பிடித்துத் திட்டும்போது அதே தொடர் திரும்ப வருகிறது. அங்கே அவள் வாயில் ‘உன் தம்பிகளுக்கு நல்ல உதாரணத்தை அமை’ என்ற வசனத்தைப் போட்டிருக்கிறாய். தமிழில் எந்த அம்மா இப்படித் திட்டியிருக்கிறாள்? ‘நீயே இப்படி இருந்தா சின்னதுங்க எப்படிடா உருப்படும்?’ இதுதான் வசனம். ‘செட்’டும் இல்லை, உதாரணமும் இல்லை. மூலத்தில் அவள் சொன்னதில் ஒரு துளியும் குறையவில்லை.

இப்போது அந்தத் தாடை. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மகன் யாரிடமும் சொல்லாமல் கப்பலில் ஏறிப் போய்விட்டான் என்று தெரிகிறது. தகப்பன் ஜன்னல் பக்கமாக நிற்கிறார். அவர் தாடை ‘செட்’ ஆகியிருந்தது என்று ஒரு சின்ன வாக்கியம். தமிழில் இதற்கு நாலைந்து வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு ஆளைக் காட்டும். ‘பல்லைக் கடித்தார்’ என்றால் கோபம். ‘பல்லைக் கடித்துக்கொண்டார்’ என்றால் கோபமில்லை, பொறுத்துக்கொள்கிறார். ஒரு ‘கொள்’ சேர்ந்ததும் மனுஷனே மாறிவிட்டார் பார். ‘முகம் இறுகியது’ என்றால் இனி அந்த வீட்டில் மகன் பேச்சை எடுக்க முடியாது. ‘உதட்டை அழுத்தி மூடிக்கொண்டார்’ என்றால் அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. ‘தாடை இறுகியது’ என்பது மூலத்துக்கு மிக நெருக்கம், ஆனால் தமிழில் யாரும் அடுத்தவர் தாடையை அப்படிக் கவனிப்பதில்லை. முகத்தைத்தான் பார்ப்போம். எதை எடுப்பது என்பதை அந்த வாக்கியம் சொல்லாது, அடுத்த வாக்கியம் சொல்லும். அடுத்து அவர் என்ன செய்கிறார்? வக்கீலுக்கு ஆள் அனுப்புகிறார், உயிலைத் திருத்த. ஆகவே ‘முகம் இறுகியது’. அவர் அழுதிருந்தால் வேறு.

ஆங்கிலச் சொல் இத்தனையையும் மூடிவைத்துக்கொண்டு ஒன்றுமே தெரியாததுபோல நிற்கும். தமிழ் உன்னை ஒன்றைத் தேர்ந்தெடு என்று கழுத்தைப் பிடிக்கும். பெரும்பாலான தொடக்கக்காரர்கள் அதிலிருந்து தப்பிக்கத்தான் ‘அமை’க்குள் போய் ஒளிகிறார்கள்.

‘அமை’யை விட்டால் அடுத்ததாக எல்லாரும் ‘வை’யிடம் போவார்கள். அது கொஞ்சம் புத்திசாலித்தனமான தப்பு. ஏனென்றால் ‘வை’ பல இடங்களில் கச்சிதமாகவே பொருந்தும். வீட்டுக்குத் தீ வைப்பது, அலாரம் வைப்பது, எலிக்குப் பொறி வைப்பது, பொருளுக்கு விலை வைப்பது, காலடி எடுத்து வைப்பது என்று ஐந்தும் ஆங்கிலத்தில் ‘செட்’தான். பிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருக்கும். ஆனால் ‘வை’ நம் மொழியில் தனியாக ஒரு ராஜ்ஜியம் நடத்துகிறது. குழம்பு வைப்போம், பெயர் வைப்போம், மீசை வைப்போம், ஒருவர்மேல் ஆசை வைப்போம், செத்தவர் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைப்போம். இவற்றில் எதற்கும் ‘செட்’ வராது. அதுபோல ‘செட்’ போகிற பல ஊருக்கு ‘வை’ போகாது. மோதிரத்தில் கல் பதிப்பார்கள். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவார்கள், ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டுக்கு இங்கிருந்து எத்தனை பேர் போய் வந்திருக்கிறார்கள். பழைய காலத்து அச்சகத்தில் எழுத்தைக் கோப்பார்கள். பாட்டுக்கு மெட்டுப் போடுவார்கள். வேட்டை நாயை ஏவுவார்கள். ஆசிரியர் கேள்வித்தாள் தயாரிப்பார், பரீட்சை வைப்பார். பால் தயிராக உறையும், சில ஊரில் தோயும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கென்று ஒரு வினையை வரித்துக்கொண்டு நிற்கிறது, ஆங்கிலத்தில் அவற்றுக்கெல்லாம் ஒரே வினை இருந்தது என்பது அவற்றுக்குத் தெரியவும் தெரியாது.

எப்போதாவது இரண்டு மொழியும் சொல்லி வைத்தாற்போல ஒரே பக்கம் திரும்பும். ஆங்கிலத்தில் சூரியனும் ‘செட்’ ஆகும், முட்டைமேல் உட்காரும் கோழியும் ‘செட்’தான். நம் கிராமத்தில் பொழுதும் அடையும், கோழியும் அடையும். முட்டைமேல் உட்கார்ந்தால் அது அடைகாக்கும் கோழி. உன் இரண்டாம் அத்தியாயத்தில் பண்ணை வீட்டு அந்திப்பொழுது வருகிறது. ‘சூரியன் அஸ்தமித்தது’ என்று எழுதியிருக்கிறாய். தப்பில்லை, ஆனால் விறைப்பாக இருக்கிறது. கிழவி வாயால் சொல்வதாக வருகிற இடத்தில் ‘பொழுது அடையற நேரம்’ என்று போட்டுப் பார். மசமசவென்று இருட்டு வருவது தானாகத் தெரியும்.

இனி ‘செட் இன்’. இந்த ஒட்டுச்சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்று ஒரு மொழியியலாளர் இருந்தார். புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பேச்சுகளையும் கணினியில் ஏற்றி, ஒரு சொல் வந்த வரிகளையெல்லாம் அந்தச் சொல் நடுவில் நிற்கும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிற முறையை அகராதி வேலைக்குக் கொண்டுவந்தவர். 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி அவர் தலைமையில் செய்தது. அப்படி அடுக்கிப் பார்த்தபோது ‘செட் இன்’ முன்னால் வந்த பெயர்ச்சொற்கள் அவர் கண்ணில் பட்டன. அழுகல், சீரழிவு, விரக்தி, தொற்று என்று ஏறக்குறைய எல்லாமே வேண்டாத சமாசாரங்கள். ‘மகிழ்ச்சி செட் இன் ஆனது’ என்று ஆங்கிலத்தில் யாரும் எழுதுவதில்லை. ஆங்கிலேயர்களே இதைக் கவனித்திருக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அந்த விதியை மீறாமலே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நம்மிடம் அப்படி வினைகள் இல்லையா? யோசித்துப் பார். ‘தட்டு’ இருக்கிறது. அலுப்புத் தட்டும், சலிப்புத் தட்டும். உற்சாகம் தட்டுமா? தட்டாது. ‘பிடி’ இருக்கிறது. பேய் பிடிக்கும், சனி பிடிக்கும், பைத்தியம் பிடிக்கும், கட்டிலை மூட்டைப்பூச்சி பிடிக்கும், சுவரைப் பூஞ்சை பிடிக்கும், இரும்பைத் துரு பிடிக்கும், புண் சீழ் பிடிக்கும். யோகம்கூட ‘அடிக்கும்’, பிடிக்காது. எனக்கு இது பிடிக்கும் என்கிற பிடித்தம் வேறு விஷயம், அதை இங்கே இழுக்காதே. ஆக ‘செட் இன்’ வருகிற இடத்தில் ‘தொடங்கியது’ என்று போட்டால் பொருள் சரி, வாடை போய்விடும். மூன்றாம் அத்தியாயத்தில் கப்பலின் அடிப்பலகையில் அழுகல் ‘செட் இன்’ ஆகிறது. ‘அடிப்பலகை அழுகத் தொடங்கியிருந்தது’ என்று எழுதியிருக்கிறாய். ‘அடிப்பலகையில் உளு பிடித்திருந்தது’ என்றோ, ‘அடிப்பலகை உள்ளுக்குள் உளுத்துக்கொண்டு வந்தது’ என்றோ சொல்லிப் பார். அதே பக்கத்தில் மாலுமிகளுக்குள் விரக்தி ‘செட் இன்’ ஆகிறது. ‘எல்லாருக்கும் வெறுத்துப் போயிற்று’ என்றாலே போதும். அடைமழை வந்தால் ‘மழை பிடித்துக்கொண்டது’. இந்த மூன்றும் மூலத்தில் ஒரே தொடர்தான் என்று வாசகனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

மற்ற ஒட்டுகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், நீயே சமாளிப்பாய். ‘செட் அவுட்’ என்றால் கிளம்பு. ‘செட் அசைட்’ பணமாக இருந்தால் எடுத்து வை, தீர்ப்பாக இருந்தால் ரத்து. ஆளாக இருந்தால் ‘ஒதுக்கி வை’ என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசி, நம் ஊரில் அதற்குச் சாதிப் பஞ்சாயத்து வாடை உண்டு. ‘செட் அப்’ கடையாக இருந்தால் திற, கூடாரமாக இருந்தால் போடு, ஒருவனைப் பொய் வழக்கில் சிக்கவைப்பதாக இருந்தால் மாட்டிவிடு. பல் கூசுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு ‘செட்’ தொடர் உண்டு, பைபிளில் வருவது. எரேமியாவும் எசேக்கியேலும் திராட்சக்காய் தின்ற தகப்பன்மாரைப் பற்றிச் சொல்லும் இடம். தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் சுற்றி வளைக்காமல் பல் ‘கூசிப்போனது’ என்றே முடித்தார்கள். ‘வேத தமிழ்’ என்று நாம் கேலி பண்ணுகிற நடையில் இப்படிப்பட்ட நல்ல தீர்வுகள் எவ்வளவோ கிடக்கின்றன.

அடுத்ததாக ஒரு வாதத்துக்குத் தயாராகிறேன். ‘செட்’ என்றே விட்டுவிட்டால் என்ன? சில இடத்தில் விடலாம், விடத்தான் வேண்டும். தமிழன் அந்தச் சொல்லை எடுத்து நூறு வருஷமாகத் தன் இஷ்டத்துக்குப் புழங்கிக்கொண்டிருக்கிறான். பம்ப்செட், மைக்செட், செட் தோசை, சினிமா செட். ‘அவன் எங்க செட்டு’ என்றால் ஒன்றாகப் படித்தவன். கான்கிரீட் ‘செட்டாகட்டும்’ என்று கொத்தனார் சொல்வார், அவரிடம் போய் ‘இறுகட்டும்’ என்றால் உன்னை ஏற இறங்கப் பார்ப்பார். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘அவங்க ரெண்டு பேருக்கும் செட் ஆகலை’. பொருந்தவில்லை, ஒத்துவரவில்லை என்கிற இந்தப் பொருளை ஆங்கிலேயனிடம் போய்ச் சொன்னால் அவனுக்குப் புரியாது. இது நாம் செய்த பொருள். 430இல் இது சேர்ந்ததில்லை. ‘செட்டப்’ என்றால் நடிப்பு, ஏற்பாடு, ஏமாற்று. அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, உனக்கே தெரியும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் ‘தான செட்டில்மென்ட்’ என்றுதான் பத்திரமே எழுதுகிறார்கள். ஆனால் ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்து’ என்று பாட்டி சொன்னால் அந்தச் செட்டு நம் வீட்டுச் சொல், சிக்கனம் என்று பொருள். அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அப்படியானால் உன் நாவலில் ‘செட்’டை அப்படியே எழுதலாமா? விக்டோரியா காலத்து லிவர்பூல் கிழவி ‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’ என்று சொன்னால் அவள் சென்னைக் கல்லூரிப் பெண்ணாகிவிடுவாள். இன்றைய லண்டன் கதையாக இருந்தால், பேசுகிறவள் இருபது வயதுப் பெண்ணாக இருந்தால், நான் தடுக்க மாட்டேன். மூலத்தில் அந்த இடத்தில் ‘செட்’ இல்லாவிட்டாலும்கூட.

வேலை செய்யும் முறை பற்றிக் கேட்டாய். என்னிடம் பெரிய முறை எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வினை வந்ததும் அதன்மேல் ஒரு கோடு போட்டு மறைத்துவிடுவேன். மீதி வாக்கியத்தை வாசிப்பேன். தாடை, தகப்பன், ஜன்னல். அந்தப் பெயர்ச்சொற்களைத் தமிழில் எழுதிக்கொள்வேன். அவையே தங்களுக்கு வேண்டிய வினையைக் கேட்கும். பெயர்ச்சொல்லும் மாற வேண்டியிருக்கும், தாடை முகமானதுபோல. வினை கிடைத்த பிறகுதான் கோட்டை அழித்து மூலத்தைப் பார்ப்பேன், ஏதாவது தவறிப்போயிருக்கிறதா என்று. பெரும்பாலும் தவறியிருக்காது.

அகராதி விஷயம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் கொண்டுவந்த சொற்களஞ்சியத்தை வைத்துக்கொள். ஆனால் அதை நினைவூட்டிக்கொள்ள மட்டும் பயன்படுத்து. சின்ன வினைகளுக்கு அது காற்புள்ளி போட்டு வரிசையாகக் கொடுக்கிற சொற்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கி ஒட்டினால் திரும்பவும் ‘அமை’யில் போய்த்தான் நிற்பாய். உனக்கு நிஜமாக வேண்டியது தமிழ்-தமிழ் அகராதி. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை, 1992இல் முதலில் வந்தது, இப்போது விரிவான பதிப்பு இருக்கிறது, மேசைமேலேயே வைத்திரு. அதில் ‘வை’, ‘பிடி’, ‘போடு’, ‘எடு’, ‘விடு’ ஆகிய பதிவுகளைத் தேவை வரும்போது பார்க்காதே, சும்மா இருக்கும்போது கதைப் புத்தகம் மாதிரி படி. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருக்கும். ஆங்கிலத்தின் ‘செட்’டுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பிராட்லி செய்ததை நம் ‘பிடி’க்கு இங்கே செய்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் உனக்குப் போதுமான அளவு தெரியும் தம்பி. தமிழ் வினைகளைத்தான் நீ எண்ணிப் பார்த்ததில்லை, தாய்மொழி என்பதால் யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக, நான்காம் அத்தியாயத்தில் நீ அடைப்புக்குறி போட்டு ‘இதை என்ன செய்வது?’ என்று விட்டிருக்கிற சிலேடை. சமையல்காரி கன்றுக்காலை வேகவைத்து ஜெல்லி செய்கிறாள், அது உறையாமல் தண்ணியாகவே கிடக்கிறது. அந்தச் சின்னப் பையன் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, சூரியனே ‘செட்’ ஆகிவிட்டது, ஜெல்லி இன்னும் ‘செட்’ ஆகவில்லையே என்கிறான். அடிக்குறிப்புப் போடாதே. அடிக்குறிப்புப் போட்டு விளக்கிய நகைச்சுவைக்கு யாரும் சிரித்ததில்லை. அஸ்தமனத்தையும் ஜெல்லியையும் சேர்க்கிற ஒரே வினை தமிழில் இல்லை. ஆனால் பையன் பேசுவது சொல்விளையாட்டு, பொருள் ஆராய்ச்சி இல்லை. அதனால் காதுக்கு ஒத்துப்போனால் போதும். நான் இப்படி யோசித்தேன்: ‘சூரியன்கூட உறங்கப் போயாச்சு, இது இன்னும் உறையப் போகலியே!’ ஏழு வயதுப் பையன் சொல்லக்கூடியதுதான். இதைவிட நல்லதாக உனக்குக் கிடைத்தால் என்னுடையதை அடித்துவிடு. ஐந்தாம் அத்தியாயத்தோடு சேர்த்து அனுப்பு, பதிப்பாளரிடம் போவதற்கு முன்னால் இன்னொரு தடவை பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்